ஃப்ளாட் கோப்பு தப்பித்தது: 2023 இஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ் தாக்குதல், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை. இணையத்துக்கு நேரே திறந்து கிடந்த விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ (ஒரே நிஜ இயந்திரத்தில் பல மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) சர்வர்களை யாரோ கூட்டம் கூட்டமாகப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பிரான்சு அரசின் கணினி அவசரக் குழுவான செர்ட்-எஃப்ஆர் எச்சரித்தது. ஞாயிற்றுக்கிழமை இத்தாலியின் தேசிய சைபர் பாதுகாப்பு முகமையும் எச்சரிக்கை விட்டது. அடுத்த புதன்கிழமை, பிப்ரவரி 8 அன்று, அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவும் எஃப்பிஐயும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் பாதிக்கப்பட்ட சர்வர்களின் எண்ணிக்கை உலகம் முழுக்க 3,800ஐத் தாண்டியிருந்தது.

பாதிக்கப்பட்ட ஹோஸ்டின், அதாவது விஎம்களை ஓட்டும் இயந்திரத்தின், நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் உள்நுழையும் திரை வராது, மிரட்டல் கடிதம்தான் வரும். சுமார் 2 பிட்காயின் கேட்டார்கள், அன்றைய விலையில் 45,000 டாலருக்கு மேல். மூன்று நாள் கெடு. பூட்டிய ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் '.ஆர்க்ஸ்' என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று கிடந்தது, அதனால் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இந்த ரான்சம்வேருக்கு இஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ் என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

ரான்சம்வேர் கதைகள் வழக்கமாக இரண்டில் ஒரு விதமாக முடியும்: பணத்தைக் கட்டினார்கள், அல்லது பேக்கப்பிலிருந்து எடுத்தார்கள். இதில் மூன்றாவது முடிவு ஒன்று வந்தது. பணமும் கட்டாமல், பேக்கப்பும் இல்லாமல், ஷெல்லில் (கட்டளை தட்டும் திரையில்) சில கட்டளைகள் தட்டியே பலர் தங்கள் விஎம்களைத் திரும்ப எடுத்தார்கள். தாக்கியவர்களின் ஸ்கிரிப்டும், கோப்பைப் பூட்டும் அந்த ஒரு நிரலைத் தவிர, நாம் தினமும் தட்டும் நிர்வாகக் கட்டளைகளால் ஆனதுதான். விஎம்களைக் கட்டளை வரியிலிருந்து நிர்வகிப்பவர்கள் உட்கார்ந்து படிக்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

கதவு

உள்ளே வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஎஸ்எக்ஸ்ஐக்குள் ஓப்பன்-எஸ்எல்பி என்ற சேவை ஓடும். வலைப்பின்னலில் யார் யார் என்ன சேவை தருகிறார்கள் என்று கண்டுபிடிக்க உதவுவது, 427ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். அதில் நினைவக வழிதல் ஓட்டை ஒன்று இருந்தது, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2021-21974. விஎம்வேர் அதற்கு 2021 பிப்ரவரி 23 அன்றே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வெளியிட்டிருந்தது. அதே ஆண்டு ஓட்டையைப் பயன்படுத்திக் காட்டும் நிரலும் பொதுவெளிக்கு வந்துவிட்டது. தாக்குதல் நடந்தபோது பேட்ச்சுக்கு ஏறக்குறைய இரண்டு வயது.

இந்த ஓட்டைதான் ஒரே வழி என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. எஸ்எல்பியை ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தும் மாட்டிக்கொண்டதாகச் சில நிர்வாகிகள் சொன்னார்கள். விஎம்வேர் தரப்போ, புது ஓட்டை எதற்கும் ஆதாரம் இல்லை, காலாவதியான அல்லது பல காலம் புதுப்பிக்காத பதிப்புகள்தான் அடிபட்டன என்றது. 6.5, 6.7 இரண்டு பதிப்புகளுக்கும் பொது ஆதரவு 2022 அக்டோபர் 15 அன்று முடிந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எந்த ஓட்டை என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஹைப்பர்வைசரின், அதாவது விஎம்களை ஓட்டும் இஎஸ்எக்ஸ்ஐயின், நிர்வாக முகம் ஏன் பொது இணையத்தில் இருந்தது? அடிபட்டவற்றில் பெரும்பகுதி வாடகைக்கு எடுத்த தனி சர்வர்கள். பிரான்சின் ஓவிஹெச் கிளவுட் போன்ற இடங்களில் ஒரு முழு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, இஎஸ்எக்ஸ்ஐயை நிறுவி, கிடைத்த பொது ஐபி முகவரியிலேயே நிர்வாகத்தையும் வைத்துக்கொள்வது பலருக்கு வசதியான பழக்கம். முன்னால் தனி ஃபயர்வால் வைக்கக் கூடுதல் செலவு, கூடுதல் வேலை. அந்த வசதிக்கான விலை அந்த வார இறுதியில் வந்தது.

விஎம் என்பது ஒரு கோப்புறை

மேலே போவதற்கு முன், இஎஸ்எக்ஸ்ஐயில் ஒரு விஎம் வட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். வரைகலைத் திரையில் மட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. 'கணக்கு' என்று ஒரு விஎம், 40 ஜிபி வட்டு என்று வைத்துக்கொள்வோம். டேட்டாஸ்டோரில் (விஎம் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடம்) அதன் பெயரில் ஒரு கோப்புறை. உள்ளே:

கணக்கு.விஎம்எக்ஸ்: வெறும் உரைக்கோப்பு. எத்தனை சிபியு, எவ்வளவு நினைவகம், எந்த நெட்வொர்க் அட்டை, எந்த வட்டுக் கன்ட்ரோலர், வட்டுக்கோப்பின் பெயர் என்ன என்பதெல்லாம் வரிவரியாக இருக்கும்.

கணக்கு.விஎம்டிகே: இதுவும் உரைக்கோப்புதான். ஒரு கேபிகூடத் தேறாது. பெயர் வட்டு மாதிரி இருந்தாலும் இது வட்டைப் பற்றிய குறிப்பு மட்டுமே, இதைத்தான் டிஸ்க்ரிப்டர் என்கிறோம். இதில் முக்கியமான வரி ஒன்று: 'ஆர்டபிள்யூ 83886080 விஎம்எஃப்எஸ்', அதற்குப் பக்கத்தில் ஃப்ளாட் கோப்பின் பெயர். அந்த எண் 512 பைட் அளவுள்ள செக்டர்களின் எண்ணிக்கை. 512ஆல் பெருக்கினால் 42,94,96,72,960 பைட், அதாவது 40 ஜிபி.

கணக்கு-ஃப்ளாட்.விஎம்டிகே: உண்மையான வட்டு இதுதான். 40 ஜிபியும் இங்கேதான். தலைப்பு, முகவுரை எதுவும் கிடையாது, நிஜ வட்டில் முதல் செக்டரில் என்ன இருக்குமோ அதுதான் கோப்பின் முதல் 512 பைட். லினக்ஸ் இயந்திரம் ஒன்றுக்கு நகலெடுத்துப் போய் கோப்பை வட்டாக இணைக்கும் 'லூசெட்அப்' போட்டால் பார்டிஷன்கள் அப்படியே தெரியும்.

இவை தவிர பயாஸ் அமைப்புகளுக்கு என்வி-ரேம், ஸ்வாப்புக்கு விஎஸ்டபிள்யூபி, ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு கணத்து நிலையைப் பிடித்து வைப்பது) விவரத்துக்கு விஎம்எஸ்டி, ஓடிய கதை முழுவதையும் எழுதி வைக்கும் விஎம்வேர்.லாக். பெரும்பாலான கோப்புறைகளில் இன்னொன்றும் இருக்கும்: 'கணக்கு.விஎம்எக்ஸ்~'. விஎம்எக்ஸின் பழைய நகல், கடைசியில் ஒரு நெளிகோடு. இதை யாரும் சட்டை செய்வதில்லை. பின்னால் இது வரும்.

ஸ்கிரிப்ட்

தாக்கியவர்கள் போட்ட ஷெல் ஸ்கிரிப்ட் பொதுவெளிக்கு வந்தது, பலரும் அதை வரிவரியாகப் பிரித்துப் போட்டார்கள். தரம் சுமார்தான். ஆனால் எழுதியவருக்கு இஎஸ்எக்ஸ்ஐ தெரியும்.

முதலில் 'இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ விஎம் ப்ராசஸ் லிஸ்ட்'. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களின் பட்டியல், ஒவ்வொன்றின் வேர்ல்டு ஐடி, பெயர், விஎம்எக்ஸ் கோப்பின் பாதை எல்லாம் இதில் வரும். நானும் நீங்களும் விஎம் தொங்கிவிட்டால் முதலில் தட்டுவது இதைத்தான். ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலில் இருந்து விஎம்எக்ஸ் பாதைகளை மட்டும் 'ஆக்' என்ற உரைக் கருவி கொண்டு உருவி, ஒவ்வொரு கோப்பிலும் உரையை மாற்றும் 'செட்' ஓட்டி, வட்டுக்கோப்பின் பெயரோடு ஒரு 1 சேர்த்தது. அதாவது கணக்கு.விஎம்டிகே என்று இருந்த இடமெல்லாம் கணக்கு1.விஎம்டிகே. அப்படி ஒரு கோப்பு இல்லாததால் விஎம் மறுபடி தானாகக் கிளம்ப வழியில்லை.

அடுத்து விஎம் ப்ராசஸ்களை எல்லாம் 'கில் -9', அதாவது உடனடியாகக் கொன்றுவிடு என்ற கட்டளை. முறையாக நிறுத்த இஎஸ்எக்ஸ்சிஎல்ஐயிலேயே மூன்று படிகள் உண்டு: சாஃப்ட், ஹார்டு, ஃபோர்ஸ். அவர்களுக்குப் பொறுமை எதற்கு? ஓடும் விஎம் தன் வட்டுக்கோப்பைப் பூட்டி வைத்திருக்கும், வேறு யாரும் அதில் எழுத முடியாது. அந்தப் பூட்டு விடுபட விஎம் சாக வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் தேவை. உள்ளே இருந்த டேட்டாபேஸுக்கு இது மின்சாரம் போனதற்குச் சமம். மீட்புக் கட்டத்தில் இதற்கும் சேர்த்து வேலை பார்க்க வேண்டி வந்தது.

பிறகு 'இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ ஸ்டோரேஜ் ஃபைல்சிஸ்டம் லிஸ்ட்' கொண்டு டேட்டாஸ்டோர்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் 'ஃபைண்ட்' கொண்டு தேடல். விஎம்டிகே, விஎம்எக்ஸ், விஎம்எக்ஸ்எஃப், விஎம்எஸ்டி, விஎஸ்டபிள்யூபி, என்வி-ரேம் என்று முடியும் கோப்புகள் எல்லாம் பட்டியலில். பூட்டும் வேலையை மட்டும் கூடவே கொண்டுவந்த 'என்கிரிப்ட்' என்ற நிரல் செய்தது. கோப்பைப் பூட்ட சோசெமனுக், சாவியைப் பூட்ட ஆர்எஸ்ஏ, இரண்டும் மறையாக்க முறைகள். அதில் உடைக்கக்கூடிய பிழை எதுவும் கிடைக்கவில்லை.

சுவாரசியம் கணக்கில்தான் இருக்கிறது. 40 ஜிபி கோப்பு ஒவ்வொன்றையும் முழுசாகப் பூட்டிக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில் ஆகும், அதற்குள் யாராவது கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் 128 எம்பிக்குக் கீழே உள்ள கோப்புகளை முழுதாகவும், பெரியவற்றை விட்டு விட்டும் பூட்டினார்கள். எவ்வளவு விடுவது? கோப்பின் எம்பி அளவை 100ஆல் வகுத்து, 1 கழி. 40 ஜிபி என்றால் 40,960 எம்பி, வகுத்தால் 409, கழித்தால் 408. ஆக 1 எம்பி பூட்டு, 408 எம்பி தாண்டு, மறுபடி 1 எம்பி. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் பூட்டப்படுவது 100 எம்பி சுமார்தான். சின்னக் கோப்புகள் சர்வநாசம், பெரிய கோப்புக்குக் கீறல்.

கடைசியில் தடயம் அழிப்பு. மிரட்டல் பக்கத்தை நிர்வாக இணையப்பக்கத்தின் 'இண்டெக்ஸ்' கோப்பாக வைத்தார்கள் (பழையதை இண்டெக்ஸ்1 என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், ஏன் என்று அவர்களுக்கே வெளிச்சம்). எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து நுழைந்தால் தெரியும் வரவேற்புச் செய்தியையும் மாற்றினார்கள். 'லாக்' என்று முடியும் கோப்புகளை இயந்திரம் முழுக்கத் தேடி அழித்தார்கள்.

தப்பித்தவை

இங்கேதான் துருக்கியைச் சேர்ந்த எனெஸ் சொன்மெஸ், அஹ்மத் அய்காச் என்ற இருவர் வருகிறார்கள். பூட்டப்பட்ட கோப்புறைகளைத் திறந்து பார்த்தவர்கள் கவனித்தது எளிமையான விஷயம்: விஎம்எக்ஸ் போயிற்று, டிஸ்க்ரிப்டர் போயிற்று, ஆனால் பல இயந்திரங்களில் ஃப்ளாட் கோப்பு தொடப்படவே இல்லை. சிசா-எஃப்பிஐ அறிக்கையும் இதையே சொன்னது: இந்த ரான்சம்வேர் பூட்டுவது அமைப்புக் கோப்புகளை, ஃப்ளாட் கோப்புகளை அல்ல. ஸ்கிரிப்டின் தேடல் வரியைப் பார்த்தால் ஃப்ளாட் கோப்பின் பெயரும் விஎம்டிகே என்றுதானே முடிகிறது, அதுவும் மாட்டியிருக்க வேண்டுமே என்று தோன்றும். களத்தில் இரண்டு வகையும் இருந்தன. சிலருக்கு ஃப்ளாட் சுத்தமாக இருந்தது, சிலருக்கு மேலே சொன்ன கீறல் விழுந்திருந்தது. அதனால் யாரோ சொன்னதை நம்பாமல் உங்கள் கோப்பை நீங்களே பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? ஃப்ளாட் கோப்பின் முதல் செக்டரை பைட்டுகளை எண்களாகக் காட்டும் 'ஹெக்ஸ்டம்ப்' போட்டுப் பாருங்கள். 510, 511ஆம் பைட்டுகளில் 55, ஏஏ என்று இருந்தால் துவக்க செக்டர் உயிரோடு இருக்கிறது. ஜிபிடி (புதிய வகைப் பார்டிஷன் அட்டவணை) வட்டு என்றால் அடுத்த செக்டரின் தொடக்கத்தில் 'ஈஎஃப்ஐ பார்ட்' என்ற எட்டு எழுத்துக் குறி தெரியும். இரைச்சலாக எண்கள் மட்டும் தெரிந்தால் முதல் எம்பி பூட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஜிபிடியின் இரண்டாவது நகல் வட்டின் கடைசியில் இருக்கும், அதிலிருந்து பார்டிஷன் அட்டவணையைத் திரும்பக் கட்டலாம். ஆனால் அது வேறு வகை வேலை, லினக்ஸ் இயந்திரத்தில் நகலை வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்ய வேண்டியது.

இன்னொரு தப்பித்தவரும் உண்டு. தேடல் வரி 'விஎம்எக்ஸ்' என்று முடிவதைத் தேடியது. 'விஎம்எக்ஸ்~' அதில் சேராது. 'செட்' ஓடியதும் விஎம்எக்ஸில் மட்டும்தான். ஆக யாரும் சட்டை செய்யாத அந்த நெளிகோட்டு நகல் பூட்டப்படாமலும், 1 சேர்க்கப்படாமலும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

டிஸ்க்ரிப்டரைத் திரும்பக் கட்டுதல்

டிஸ்க்ரிப்டர் தொலைந்தால் புதிதாக உண்டாக்கும் முறை விஎம்வேரின் உதவிக் கட்டுரைகளில் பல ஆண்டுகளாக இருக்கிறது. தவறுதலாக அழித்தவர்களுக்காக எழுதப்பட்டது. துருக்கியர் இருவரும் செய்தது, இந்தப் பழைய வைத்தியம் இந்தப் புதிய நோய்க்கும் கேட்கும் என்று கண்டு, படிப்படியாக எழுதி வெளியிட்டது. எனக்கு இதில் பிடித்தது இந்தப் பகுதிதான். மந்திரம் ஒன்றும் இல்லை, ஒரு விஎம் எதனால் ஆனது என்று தெரிந்திருந்தது, அவ்வளவே.

வழிமுறை இது. ஹோஸ்டை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து, கன்சோல் வழியாகவோ தனி நிர்வாக வழியாகவோ உள்ளே போங்கள். ரீபூட் செய்வதற்கு முன் மிஞ்சியிருக்கும் பதிவுகளை வெளியே எடுத்து வையுங்கள். இஎஸ்எக்ஸ்ஐயில் பதிவுகளுக்கு நிலையான இடம் அமைக்காவிட்டால் அவை நினைவகத்தில்தான் இருக்கும், ரீபூட்டோடு போய்விடும்.

விஎம் கோப்புறைக்குள் போய் 'எல்எஸ் -எல்' தட்டுங்கள். ஃப்ளாட் கோப்பின் அளவு பைட்டில் தெரியும். அந்த எண்ணைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள், தோராயம் உதவாது. பூட்டப்பட்ட டிஸ்க்ரிப்டரையும் விஎம்எக்ஸையும் அழிக்காதீர்கள். தனிக் கோப்புறை ஒன்றுக்கு நகர்த்திவிட்டால் போதும்.

அப்புறம் 'விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் -சி 42949672960 -டி தின் டெம்ப்.விஎம்டிகே'. அதே அளவில் புதிய வட்டு ஒன்று உருவாகும்: ஒரு டிஸ்க்ரிப்டர், ஒரு காலியான ஃப்ளாட். 'தின்' என்று கொடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தின் வட்டு எழுதும்வரை இடம் பிடிக்காது, ஆகவே டேட்டாஸ்டோர் நிரம்பி வழியும் நிலையிலும் இந்தக் கட்டளை ஓடும். நமக்குத் தேவை அந்த டிஸ்க்ரிப்டர் மட்டும்தான். டெம்ப்-ஃப்ளாட்டை அழித்துவிடுங்கள். ஒரு நொடி நின்று, அழிப்பது டெம்ப்-ஃப்ளாட்தானா என்று இன்னொரு முறை வாசித்துவிட்டு எண்டர் தட்டுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு இந்த வரியில் கை தவறினால் மீட்க எதுவும் மிஞ்சாது.

இப்போது டெம்ப்.விஎம்டிகேயை 'விஐ' எடிட்டரில் திறந்து, 'டெம்ப்-ஃப்ளாட்' என்ற பெயரைக் 'கணக்கு-ஃப்ளாட்' என்று மாற்ற வேண்டும். அசல் வட்டு தின் வகை இல்லையென்றால் 'டிடிபி.தின்ப்ரொவிஷண்ட்' என்று தொடங்கும் வரியையும் எடுத்துவிட வேண்டும். சேமித்து, கோப்பின் பெயரைக் கணக்கு.விஎம்டிகே என்று மாற்றி, 'விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் -இ கணக்கு.விஎம்டிகே' என்று சோதியுங்கள். வட்டுச் சங்கிலி சீராக உள்ளது என்று பதில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி விஎம்எக்ஸ். நெளிகோட்டு நகல் இருந்தால் அதை விஎம்எக்ஸ் என்ற பெயருக்கு நகலெடுத்தால் முடிந்தது. இல்லாவிட்டால்தான் தலைவலி. வழக்கமான சூழலில் விஎம்வேர்.லாக்கிலிருந்து விஎம்எக்ஸின் வரிகளைத் திரும்பப் பொறுக்கலாம், விஎம் கிளம்பும்போதெல்லாம் தன் அமைப்பு முழுவதையும் அதில் எழுதி வைக்கும். இங்கேயோ லாக் கோப்புகளை அழித்துவிட்டார்களே. அப்போது புதிய விஎம் ஒன்றை உண்டாக்கி, ஏற்கெனவே உள்ள வட்டை அதில் கோர்க்க வேண்டும்.

கோர்க்கும்போது மூன்று இடங்களில் அடி விழும். கன்ட்ரோலர் வகை மாறினால் விண்டோஸ் விஎம் துவக்க வட்டைக் காணாமல் நீலத்திரையில் நிற்கும். பழைய விஎம் யுஇஎஃப்ஐ என்ற துவக்க முறையில் ஓடியிருந்து, புதியது பயாஸ் என்று அமைந்துவிட்டால் எதுவுமே கிளம்பாது. நெட்வொர்க் அட்டைக்குப் புதிய மேக் முகவரி வரும், பழைய முகவரிக்குக் கட்டிவைத்த டிஹெச்சிபி ஒதுக்கீடும் சில மென்பொருள் உரிமங்களும் முறைத்துக்கொள்ளும். நெளிகோட்டு நகல் கிடைத்தவர்களுக்கு இந்த மூன்றும் இல்லை.

பதிவு செய்வது கடைசி வேலை. 'விம்-சிஎம்டி விஎம்எஸ்விசி/கெட்ஆல்விஎம்ஸ்' தட்டினால், விஎம்எக்ஸ் சிதைந்த விஎம்களைச் செல்லாதவை என்று எண் மட்டும் காட்டித் தாண்டிவிடும். அந்த எண்ணை வைத்து 'விஎம்எஸ்விசி/அன்ரெஜிஸ்டர்', பிறகு 'விம்-சிஎம்டி சோலோ/ரெஜிஸ்டர்விஎம்' என்று முழுப் பாதையோடு கொடுத்தால் புதிய எண் வரும். உடனே பவர் ஆன் பண்ணத் தோன்றும். என் யோசனை: இடம் இருந்தால் முதலில் 'விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் -ஐ' கொண்டு வட்டை வேறு டேட்டாஸ்டோருக்கு ஒரு நகல் எடுங்கள், பிறகு கிளப்புங்கள். 'கில் -9' வாங்கிய விஎம் அது. உள்ளே கோப்பு முறைமைச் சோதனை ஓடும், டேட்டாபேஸ் தன் பதிவேட்டைப் புரட்டும், இவை எல்லாம் வட்டில் எழுதும். ஏதாவது கோணலானால் திரும்பி வர ஒரு பிரதி வேண்டும்.

நிர்வாக இணையப்பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர, மிரட்டல் இண்டெக்ஸை நகர்த்திவிட்டு இண்டெக்ஸ்1ஐ இண்டெக்ஸ் என்று மாற்றினால் போதும்.

பிப்ரவரி 7 அன்று சிசா இந்த வேலைகளைச் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கிட்ஹப்பில் வெளியிட்டது. துருக்கியர் இருவரின் வழிகாட்டியை அடிப்படையாகக் கொண்டது என்று அதிலேயே குறிப்பிட்டிருந்தார்கள். அது பூட்டைத் திறக்காது. பூட்டிய அமைப்புக் கோப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, புதியவற்றை உண்டாக்கும். ஓட்டுவதற்கு முன் உங்கள் சூழலுக்குப் பொருந்துமா என்று படித்துப் பாருங்கள், பொறுப்பு உங்களுடையது என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது.

கை கொடுக்காத இடங்கள்

ஸ்னாப்ஷாட் வைத்திருந்த விஎம்களில் கதை சிக்கலானது. ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து எழுதப்படுவது எல்லாம் தனி டெல்டா கோப்பில் போகும், ஃப்ளாட் அந்த நாளோடு உறைந்துவிடும். ஃப்ளாட்டை மட்டும் மீட்டால் ஆறு மாதப் பழைய கணக்குப் புத்தகம் கிடைக்கலாம். முழுசாக மீட்க, டெல்டாவின் டிஸ்க்ரிப்டரையும் கட்டி, ஒவ்வொன்றின் சிஐடி (உள்ளடக்க அடையாள) எண்ணும் அடுத்ததன் தாய்-சிஐடி எண்ணோடு பொருந்துமாறு சங்கிலி கோர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு, ஃப்ளாட்டை மட்டும் வைத்து விஎம்மைக் கிளப்பி எழுதவும் விட்டுவிட்டால், பிறகு டெல்டாவை அதன் மேல் ஒட்ட வழியே இல்லை. பேக்கப் எடுக்கும் முன் ஒன்று, அப்டேட்டுக்கு முன் ஒன்று என்று ஸ்னாப்ஷாட்களை அழிக்காமல் சேர்த்து வைத்திருந்தவர்கள் இங்கே நன்றாகவே மாட்டிக்கொண்டார்கள்.

பெரிய அடி இரண்டாம் அலையில் வந்தது. சிசா ஸ்கிரிப்ட் வெளியான மறுநாளே தாக்கியவர்கள் தங்கள் ஸ்கிரிப்டை மாற்றினார்கள். 100ஆல் வகுக்கும் கணக்கைத் தூக்கிவிட்டு, தாண்டும் அளவை 1 என்று நிலையாக வைத்தார்கள். 1 எம்பி பூட்டு, 1 எம்பி தாண்டு. 40 ஜிபி வட்டில் முன்பு 100 எம்பி சேதம், இப்போது 20 ஜிபி. இதற்குப் பிறகு ஃப்ளாட்டை நம்பி எதுவும் செய்ய முடியவில்லை. மிரட்டல் கடிதத்திலிருந்து பிட்காயின் முகவரியையும் எடுத்துவிட்டார்கள், டாக்ஸ் என்ற அரட்டைச் செயலியில் தொடர்புகொள்ளச் சொன்னார்கள். முகவரிகளைச் சேகரித்து யார் யார் பணம் கட்டுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கண்காணித்துக்கொண்டிருந்தது அவர்கள் காதுக்கு எட்டியிருக்கும்.

மீட்பு முறையைப் பகிரங்கமாக வெளியிட்டதால்தான் இப்படி ஆனது என்ற விவாதம் வரத்தான் செய்தது. வெளியிட்டது சரியே என்பது என் கருத்து. முதல் அலையில் பூட்டப்பட்டவை ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் கிடந்தன, அவர்களுக்கு அந்த வாரமே உதவி தேவைப்பட்டது.

இன்று ஒரு ஹோஸ்டில் பார்க்க வேண்டியவை

எஸ்எல்பியில் தொடங்கலாம். இஎஸ்எக்ஸ்ஐ 7.0 யு2சி முதலும், 8.0 தொடக்கத்திலிருந்தும் அது இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். பழைய ஹோஸ்டில் எஸ்எல்பிடி சேவையை நிறுத்தி, 'செக்கான்ஃபிக்' கொண்டு ரீபூட்டிலும் எழாமல் செய்து, 'இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ நெட்வொர்க் ஃபயர்வால் ரூல்செட்' கட்டளையில் சிம்-எஸ்எல்பி விதியையும் மூட வேண்டும். மூன்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு, அடுத்த ரீபூட்டில் சேவை திரும்ப எழுந்து நிற்கும்.

அடுத்தது, என் கணிப்பில் இந்த நிகழ்வில் நேரடியாகவே பலன் தந்திருக்கக்கூடிய ஒன்று: 'எக்ஸெக்-இன்ஸ்டால்டு-ஒன்லி' என்ற கெர்னல் அமைப்பு. விஎம்வேரின் முறையான நிறுவல் பொதியாக நிறுவப்படாத எந்த நிரலையும் இஎஸ்எக்ஸ்ஐ ஓட்டாது. தாக்கியவர்கள் கொண்டுவந்த அந்த 'என்கிரிப்ட்' நிரல் வாசலிலேயே நின்றிருக்கும். 8.0இல் இது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது, பழையவற்றில் 'இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ சிஸ்டம் செட்டிங்ஸ் கெர்னல்' வழியாக நாமே போட்டுக்கொள்ளலாம். ரூட் உரிமை பெற்றவர் அதை மாற்றிவிட்டு ரீபூட் செய்யலாமே என்றால், செய்யலாம். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு சேர்த்துக் கட்டாயமாக்கினால் அதையும் கடினமாக்க முடியும்.

பதிவுகள் வெளியே போக வேண்டும். தொலைவில் உள்ள சிஸ்லாக் (பதிவுகளைச் சேகரிக்கும்) சர்வர் ஒன்றுக்கு அனுப்பி வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே, லாக் அழிப்புக்குப் பிறகும் எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்று தேட ஏதாவது மிஞ்சியது.

அப்புறம் ஒன்று, செலவே இல்லாதது. விஎம்எக்ஸும் டிஸ்க்ரிப்டரும் சில கேபி உரைக்கோப்புகள். நூறு விஎம் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரு செல்பேசிப் புகைப்பட அளவுக்குக்கூட வராது. வாரம் ஒரு முறை அவற்றை மட்டும் வெளியே ஒரு இடத்துக்கு இழுத்து வைக்க நான்கு வரி ஸ்கிரிப்ட் போதும். ஹோஸ்டிலிருந்து தள்ளுவதைவிட வெளி இயந்திரத்திலிருந்து இழுப்பது நல்லது, ஹோஸ்ட் விழுந்தாலும் நகல் இருக்கும் இடத்தின் சாவி அதில் இருக்காது. டேட்டாவின் பேக்கப்புக்கு இது மாற்று அல்ல. ஆனால் முதல் அலையில் மாட்டியவர்களிடம் இந்தச் சின்னக் கோப்புகள் இருந்திருந்தால் மேலே எழுதியதில் பாதி வேலை தேவைப்பட்டிருக்காது.

லினக்ஸின் மெய்நிகராக்கமான கேவிஎம் பக்கம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் விஎம்மின் வரையறை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' கொடுத்தால் வெளியே வரும், 'விர்ஷ் டிஃபைன்' கொடுத்தால் திரும்ப உள்ளே போகும். கேவிஎம் மேல் கட்டிய ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு விஎம்முக்கும் அதன் எண்ணின் பெயரில் ஒரு கான்ஃப் கோப்பு, 'க்யூஎம் கான்ஃபிக்' அதைக் காட்டும். அங்கே வட்டு ரா வகையாக இருந்தால் ஃப்ளாட் கோப்பைப் போலவே தன்னந்தனியாக நிற்கும். க்யூகவ்2 வகையில் அட்டவணைகள் கோப்புக்குள்ளேயே இருப்பதால் முதல் எம்பி போனாலே சேதம் அதிகம். இஎஸ்எக்ஸ்ஐயின் ஃப்ளாட்டை அப்படியே ரா என்று சொல்லி 'கெமு-இமேஜ் கன்வெர்ட்'டுக்கும் கொடுக்கலாம். அடிபட்ட ஹோஸ்டைச் சுத்தம் செய்யும்வரை காத்திராமல், விஎம்மை வேறொரு கேவிஎம் இயந்திரத்தில் எழுப்பிவிட இதுவே குறுக்கு வழி. விண்டோஸ் விஎம் என்றால் முதல் துவக்கத்துக்கு விர்ட்ஐஓவுக்குப் பதில் சாட்டா கன்ட்ரோலரைக் கொடுங்கள், டிரைவரை உள்ளே போன பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.